நமக்கு நூறு குடும்பம் போதும்: செல்போன் வழி விற்பனைக்குத் திட்டம் போடுவோம்



இந்த மாதப் பாடம் விற்பனை பற்றியது. அதிலும் செல்போன் மூலமாகச் செய்கிற விற்பனை. "வாட்ஸ்அப்புல போட்டா விக்குமாங்க? ஃபேஸ்புக்குல போடலாமுங்களா? யூடியூப் ஆரம்பிக்கலாமா?" என்று குழுக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போடலாம். ஆனால் யாருக்குப் போடுகிறோம், எவ்வளவு செய்து கொடுக்க முடியும், என்ன விலைக்குக் கட்டும் என்பதை முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போனைக் கையில் எடுக்க வேண்டும்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது நம் மூத்த சகோதரிகள் கற்ற முதல் பாடம் சேமிப்பு. பிறகு உள்கடன், பதிவேடு, வங்கி இணைப்பு, தொழில் பயிற்சி என்று ஒவ்வொன்றாகக் கற்றோம். பொருள் செய்யவும் கற்றோம். "செஞ்சத எங்க கொண்டு போய் விக்கறது?" என்ற கேள்விதான் இன்றைக்கும் பாக்கி நிற்கிறது. கண்காட்சிக்குப் போனால் 3 நாள் நன்றாக ஓடுகிறது. நாலாம் நாள் மீதிச் சரக்கோடு வீடு வந்து சேர்கிறோம். அங்கே வாங்கியவர் யார், எந்த ஊர், சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. செல்போன் நமக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாங்கியவரை மறுபடியும் தேடிப் பிடிக்க அது உதவும்.

லைக் வேறு, கிராக்கி வேறு

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் அவருடைய பேரன்களும் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' நம்மில் பலர் பார்த்ததுதான். வயல் வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டினார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் யூடியூப் சேனல் அதுதான். அதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்திலும் ஆளாளுக்குச் சேனல் ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அவர்களுக்கு வருமானம் முக்கியமாகப் பார்ப்பவர்கள் மூலமாக வருகிறது. எத்தனை பேர் பார்க்கிறார்களோ அவ்வளவு விளம்பரப் பணம். நமக்கு வருமானம் வாங்குபவர்கள் மூலமாக வருகிறது. நாம் போட்ட படத்துக்கு 300 பேர் லைக் போட்டு, 2 பேர் பொடி வாங்கினால் நம்முடைய விற்பனை 2 பாக்கெட்தான். லைக்கை உலையில் போட்டால் கொதிக்காது.

அப்படியானால் நமக்கு எத்தனை பேர் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 பேர் உள்ள ஒரு குழுவில் 4 பேர் சேர்ந்து கொள்ளுப் பொடி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் வறுத்து அரைத்தால் 10 கிலோ. 200 கிராம் பாக்கெட் போட்டால் வாரத்துக்கு 50, மாதத்துக்கு 200 பாக்கெட். ஒரு குடும்பம் மாதம் 2 பாக்கெட் வாங்கினால், 100 குடும்பம் போதும். சரக்கு முழுவதும் தீர்ந்துவிடும்!

இந்த எண்ணிக்கைதான் நம் திட்டத்தின் அடிப்படை. ஒரு கோடி பேர் வேண்டாம், பத்தாயிரம் பேரும் வேண்டாம். மாதா மாதம் திரும்ப வாங்குகிற 100 குடும்பம் வேண்டும். திடீரென்று 500 பேர் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? நம்மால் செய்து கொடுக்க முடியாது. அவசரத்தில் வறுப்பு பதம் தவறும், கொள்ளு தீயும், வாங்கியவர் அடுத்த முறை வர மாட்டார். எவ்வளவு செய்ய முடியும் என்று தெரியாமல் விளம்பரம் செய்வது, அரிசி அளக்காமல் விருந்துக்கு ஊரை அழைப்பது மாதிரி.

யாருக்கு விற்கப் போகிறோம்?

மதுக்கரை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1930-களில் தொடங்கிய சிமெண்ட் ஆலையும் பாலக்காடு ரோடும்தான் ஞாபகத்துக்கு வரும். நமக்குத் தெரியும், நம் ஊர் மூன்று விதமான சந்தைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதலாவது நம்மைச் சுற்றி இருப்பவர்கள். குனியமுத்தூர், போத்தனூர், சுந்தராபுரம், ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம் வரை வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள், குறிச்சித் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள், கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள். இவர்களுக்குத் தபால் செலவு கிடையாது. ருசி பார்க்கக் கொடுக்கலாம். குறை இருந்தால் நேரிலேயே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது வாளையாறுக்கு அந்தப் பக்கம். பாலக்காட்டுச் சந்தை நமக்கு எட்டுகிற தூரம்தான். ஓணம், விஷு சமயத்தில் நல்ல விற்பனை இருக்கும். ஆனால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி மலையாளத்தில் நாலு வரி எழுத வேண்டும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், விற்பனை சிறியதாக இருந்தாலும் பல பொருள்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கேட்பார்கள். நம் பொருளுக்கு எப்படி என்று தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் எல்லை தாண்ட வேண்டும்.

மூன்றாவது சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போன நம் கொங்கு நாட்டுப் பிள்ளைகள். இவர்களுக்கு நாம் அரிசிம்பருப்புச் சோற்றுப் பொடியையும் கொள்ளுப் பொடியையும் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பேரைக் கேட்டாலே வீட்டு ஞாபகம் வந்துவிடும். விலையிலும் ரொம்ப யோசிக்க மாட்டார்கள். ஆனால் பார்சல் செலவு சேரும், பொடி உடையாமல் கொட்டாமல் போய்ச் சேர வேண்டும்.

மூன்று பேருக்கும் ஒரே படத்தைப் போட்டு ஒரே விலை சொன்னால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். சுந்தராபுரத்துச் சகோதரிக்கு "ஞாயித்துக்கெழம காலைல வீட்டுக்கே கொண்டாந்து தர்றமுங்க" என்பதுதான் நல்ல செய்தி. பெங்களூரில் இருக்கும் பையனுக்கு "ஆத்தா கை ருசி, ஒரு கிலோ பெட்டி" என்பது நல்ல செய்தி. எங்கள் யோசனை, முதல் 6 மாதம் சுற்று வட்டாரம் மட்டும். வெளியூர் ஆர்டர் தானாக வந்தால் செய்து கொடுக்கலாம், தேடிப் போக வேண்டாம்.

முதல் நூறு பேர் எங்கே கிடைப்பார்கள்?

இன்டர்நெட்டில் தேட வேண்டாம். 12 உறுப்பினர்களும் ஆளுக்கு 10 வீட்டின் பெயரை எழுதுங்கள். மாவு மில்லில் பார்ப்பவர், பிள்ளை படிக்கும் பள்ளியில் பழகியவர், வேலைக்குப் போன இடத்து அக்கா, கல்யாண வீட்டில் "உங்க பொடி நல்லா இருந்துச்சு" என்று சொன்னவர். 120 பெயர் வந்துவிடும். அவர்களுக்கு 20 கிராம் மாதிரிப் பாக்கெட் கொடுங்கள். கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்: "உங்க நம்பருக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ மெசேஜ் அனுப்பட்டுமாங்க?" சரி என்பவரின் எண்ணை மட்டும் எழுதுங்கள். கேட்காமல் அனுப்பினால் எரிச்சல்படுவார்கள், எண்ணைத் தடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் அந்த இடத்திலேயே செய்ய வேண்டும். நம் குழு எண்ணை அவர் போனில் சேமிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் 'பிராட்காஸ்ட்' என்று ஒரு வசதி உண்டு. ஒரே செய்தியை 256 பேர் வரைக்கும் தனித்தனியாகப் போய்ச் சேரும்படி அனுப்பலாம். ஆனால் நம் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும். இது தெரியாமல், "அனுப்பினோம், ஒருத்தரும் பதில் போடல" என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வாடிக்கையாளர் பதிவேடு தேவை. குழுவின் சேமிப்புப் பதிவேடு மாதிரியே கோடு போட்ட நோட்டு போதும். பெயர், தெரு, எண், என்ன வாங்கினார், என்றைக்கு வாங்கினார். கடைசிப் பத்தியில், என்ன சொன்னார். இந்தக் கடைசிப் பத்திதான் எல்லாவற்றையும்விட மதிப்பு உள்ளது. "காரம் எச்சா இருக்குதுங்க, கொழந்தைங்க திங்கறதில்ல" என்று மூன்று வீட்டில் சொன்னால், காரம் குறைத்து ஒரு பாக்கெட் போட வேண்டும் என்று அர்த்தம். இதைப் பெரிய கம்பெனிகள் ஆள் வைத்துக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்கின்றன. நமக்கு வாசலில் நின்றாலே தெரிகிறது.

விலை

கீழே உள்ளது உதாரணக் கணக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 200 கிராம் பாக்கெட்டுக்கு கொள்ளு, மிளகாய், பூண்டு எல்லாம் 34 ரூபாய். கவர், லேபிள் 6 ரூபாய். கேஸ், அரவை 5 ரூபாய். நம் கூலி 15 ரூபாய். மொத்தம் 60. விற்பது 90 ரூபாய்க்கு. மீதி 30.

கூலியை எழுதாமல் விட்டுவிடக் கூடாது. "நம்ம வேலதான, அதுக்கு எதுக்குக் காசு" என்று விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. மாதம் 200 பாக்கெட்டுக்குக் கூலி 3,000, லாபம் 6,000. நாலு பேர், மாதத்தில் நாலு நாள் வறுப்பு அரைப்பு, அது போகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இது பெரிய பணம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த லாபத்திலிருந்துதான் போன் ரீசார்ஜ், வீணான சரக்கு, பஸ் செலவு எல்லாம் போக வேண்டும். ஆனாலும் நிற்காமல் வருகிற பணம்.

வெளியூருக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினால் என்ன ஆகும்? பார்சலுக்கு 60 ரூபாய் என்றால் 90 ரூபாய்ப் பொருள் 150 ஆகிவிடும். யாரும் வாங்க மாட்டார்கள், அல்லது நாம் நம் லாபத்தையும் கூலியையும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் வெளியூருக்கு 5 பாக்கெட், ஒரு கிலோ பெட்டி என்று மட்டும் வையுங்கள். 450 ரூபாயோடு பார்சல் 100 என்றால் வாங்குபவருக்கு அவ்வளவு பாரமாகத் தெரியாது. கூரியர், தபால் இரண்டிலும் விலை கேட்டுவிட்டு எழுதுங்கள். பெட்டியும் ஒட்டும் டேப்பும்கூடச் செலவுதான்.

பெயரும் லேபிளும்

1959 மார்ச் மாதம் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் போட்டார்கள். முதல் நாள் செய்தது 4 பாக்கெட். அதுதான் பின்னால் லிஜ்ஜத் அப்பளம் ஆனது. 1962-ல் பெயர் வைக்க ஒரு போட்டி நடத்தினார்கள், வென்றவருக்கு 5 ரூபாய் பரிசு. 'லிஜ்ஜத்' என்றால் குஜராத்தியில் ருசி. அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது செல்போனும் இல்லை, ஃபேஸ்புக்கும் இல்லை. அங்கே வேலை செய்கிற சகோதரிகள் எல்லோருமே அதற்கு உரிமையாளர்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இதைப் பற்றிக் கொஞ்சம் கழித்து மறுபடியும் பேசுவோம்.

லேபிளுக்கு வேறு எங்கும் போக வேண்டாம், ஒரு சிமெண்ட் மூட்டையைப் பாருங்கள். பெயர், எடை, தரம், எந்த வாரம் மூட்டை கட்டினார்கள் என்பதெல்லாம் அச்சடித்திருக்கும். வீடு கட்டுகிறவர் தேதி பார்த்துத்தான் வாங்குவார். சாப்பிடுகிற பொருளுக்கு அதைவிடக் கவனம் வேண்டாமா? பெயர், சேர்ந்த பொருள்கள், நிகர எடை, செய்த தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், அதிகபட்ச விலை, நம் முகவரி, எண். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். அவர்கள் தரும் 14 இலக்க எண்ணையும் பாக்கெட்டில் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் விற்றாலும் இது பொருந்தும்.

கொள்ளு என்றதும் "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி வாயில் வந்துவிடும். உடனே "எடை குறையும், சர்க்கரை போயே போய்விடும்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? ருசியைச் சொல்லுங்கள், எப்படிச் செய்தோம் என்று சொல்லுங்கள். அது போதும்.

போனில் என்னென்ன வேண்டும்?

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ். 2018-ல் வந்தது, காசு கிடையாது. சாதாரண வாட்ஸ்அப் மாதிரியேதான் இருக்கும். கூடுதலாக நம் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். கடை திறந்திருக்கும் நேரம் போடலாம். அடிக்கடி கேட்கிற கேள்விக்குப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளலாம். 'புதுசு', 'பணம் வரணும்', 'பார்சல் அனுப்பியாச்சு' என்று வாடிக்கையாளர்களைப் பிரித்து அடையாளம் வைக்கலாம்.

அடுத்து கூகுள் மேப்பில் நம் தொழிலைப் பதிவு செய்வது. இதுவும் இலவசம். "பக்கத்துல செக்கு எண்ணெய் எங்க கெடைக்கும்" என்று தேடுகிறவர் வாங்குகிற எண்ணத்தோடுதான் தேடுகிறார். இதை நம் குழுக்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை. ஆனால் வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தால், முகவரியை மறைத்து எந்தெந்த ஊருக்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் காட்டலாம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் அதற்குப் பிறகு. யூடியூப் இப்போதைக்கு வேண்டாம். அமேசானின் 'சஹேலி' திட்டம் 2017-லும், ஃபிளிப்கார்ட்டின் 'சமர்த்' 2019-லும் நம்மைப் போன்றவர்களுக்காகத் தொடங்கியவை. அங்கே கமிஷன் உண்டு, திரும்பி வரும் சரக்கும் உண்டு. நூறு குடும்பம் சேர்ந்த பிறகு யோசிக்கலாம். மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' பெயரில் விற்க என்ன தேவை என்பதை வட்டார அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படம் எடுக்க விலை உயர்ந்த போன் தேவையில்லை. காலை வெயிலில், திண்ணையில், முறத்தில் கொள்ளைப் பரப்பி எடுத்தாலே அழகாக இருக்கும். இன்டர்நெட்டிலிருந்து அடுத்தவர் படத்தை எடுத்துப் போடாதீர்கள். வறுக்கும் சத்தம், தராசில் எடை நிற்பது, உறையில் போட்டு ஒட்டுவது, இதெல்லாம் 30 வினாடி எடுத்தால் போதும். பேசும்போது டிவிக்காரர் மாதிரி பேச வேண்டாம். "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா, இன்னைக்குக் கொள்ளு வறுத்தமுங்க" என்று நம் பேச்சிலேயே பேசுங்கள். கேட்கிறவருக்கு அதுதான் நம்பிக்கை.

எண் யாருடையது?

இதை எல்லோரும் நிறுத்திப் படியுங்கள். குழுக்களில் வழக்கமாக நடப்பது என்ன? நன்றாகப் போன் பழகிய ஒரு தங்கச்சி இருப்பார். அவர் எண்ணிலேயே வாட்ஸ்அப், அவர் பெயரிலேயே ஃபேஸ்புக். ஒருவேளை ஊக்குநரின் மகன் ஆரம்பித்துக் கொடுத்திருப்பான். எல்லாம் நன்றாக நடக்கும். பிறகு அந்தத் தங்கச்சி குழுவை விட்டுப் போவார், அல்லது குடும்பத்தோடு திருப்பூருக்குக் குடிபெயர்வார். மகன் பாஸ்வேர்டை மறந்துவிடுவான். மூன்று வருடம் சேர்த்த வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் கைவிட்டுப் போவார்கள். யார் மீதும் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் 12 பேர் உழைப்பில் வந்த சொத்து ஒருவரோடு போய்விடும்.

குழுவின் கடன் பணத்துக்குத் தீர்மானம் போடுகிறோம் இல்லையா? இதற்கும் போட வேண்டும். குழுவின் விற்பனைக்கென்று தனி சிம் வாங்குங்கள். சிம்மை வழக்கமாக ஒரு ஆளின் அடையாளச் சான்றைக் காட்டித்தான் வாங்குகிறோம். அதனால், "இந்த எண்ணும் இதில் உள்ள வாடிக்கையாளர் பட்டியலும் பக்கமும் பொருளின் பெயரும் குழுவின் சொத்து, பொறுப்பு மாறும்போது ஒப்படைக்கப்படும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, சிம் வாங்கியவர் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ரீசார்ஜ் குழுச் செலவு. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் செத்துப்போய், கொஞ்ச காலத்தில் வேறு யாருக்கோ போய்விடும். ஃபேஸ்புக்கில் தனிநபர் கணக்காக இல்லாமல் 'பேஜ்' ஆகத் தொடங்கி, இரண்டு பேருக்கு முழு உரிமை கொடுங்கள். பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டிப் பெட்டியில் வையுங்கள். லிஜ்ஜத் பெயர் ஒருவர் சொத்தாக இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் வரும் கணக்கும் இப்படித்தான். குழுக் கணக்குக்கே க்யூஆர் அட்டை கிடைக்குமா என்று வங்கியில் கேளுங்கள். கிடைக்கும் வரை ஒருவர் கணக்கில் வாங்கினால், அன்றன்றைக்கே பதிவேட்டில் ஏற்றி, வாரம் ஒரு முறை குழுவுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனஸ்தாபம் வரும்.

ராத்திரி வரும் 'ஹாய்'

கூட்டத்தில் பலர் சொல்லத் தயங்குகிற விஷயம் இது. பெண் எண்ணை வெளியில் போட்டால் வேண்டாத ஆட்களிடமிருந்து அழைப்பு வரும். ராத்திரி பத்து மணிக்கு 'ஹாய்' வரும், போட்டோ கேட்பான். வீட்டில் தெரிந்தால் "தொழிலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று போனையே பிடுங்கி வைத்துவிடுவார்கள். தப்புச் செய்தது எவனோ, தண்டனை நமக்கு. இதனால் பலர் ஆரம்பத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள்.

தனி எண் வைப்பதற்கு இது இன்னொரு காரணம். முகப்புப் படத்தில் நம் முகம் வேண்டாம், பொருளின் படம் போதும். காலை 9 முதல் மாலை 6 வரை என்று நேரம் போடுங்கள். அதற்குப் பிறகு அந்தப் போனை எடுக்க வேண்டியதில்லை. தப்பாகப் பேசினால் பதில் சொல்லாமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு எண்ணைத் தடுத்துவிடுங்கள். தனியாக மனதில் வைத்துக்கொள்ளாமல் குழுவில் சொல்லுங்கள். தொல்லை தொடர்ந்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம்.

மோசடியும் இருக்கிறது. "ராணுவ முகாமுக்கு 50 கிலோ வேணும், முன்பணம் அனுப்பறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று இந்தியா முழுக்க ஏமாற்றியிருக்கிறார்கள். சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் நம் பக்கம் இதை நம்பிவிடுவோம். ஒரே விதி: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை. பின் நம்பர் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

எப்போது போடுவது, காசு கொடுத்து விளம்பரம் செய்யலாமா?

தினமும் பத்துப் படம் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். பிராட்காஸ்ட் மாதம் 2 போதும். ஒன்று மாதக் கடைசியில், சம்பளம் வரும் நேரத்தில். இன்னொன்று நடுவில், தீர்ந்துபோனவர்களுக்கு. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதனால் வறுக்கிற அன்றைக்குப் போடலாம். பெரிய தாளில் மூன்று மாதத்தை வரைந்து, ஆடி, ஓணம், தீபாவளி, ஐயப்பன் சீசன், பொங்கல் என்று எது வருகிறதோ அதைக் குறியுங்கள். தீபாவளிப் பலகாரத்துக்குப் புரட்டாசியிலேயே ஆர்டர் கேட்க வேண்டும். ஐப்பசியில் கேட்டால் ஜனங்கள் வேறு இடத்தில் சொல்லியிருப்பார்கள்.

ஃபேஸ்புக்கில் காசு கொடுத்து இத்தனை கிலோமீட்டர் சுற்றளவு என்று குறிப்பிட்டு விளம்பரம் செய்யலாம். செய்வதற்கு முன் கணக்குப் பாருங்கள். 500 ரூபாய் செலவு செய்து 20 புது வீடு வந்தால் ஒரு வீட்டுக்கு 25 ரூபாய். நம் லாபம் பாக்கெட்டுக்கு 30. ஒரு தடவை வாங்கிவிட்டுப் போனால் கையில் நிற்பது 5 ரூபாய்தான். மாதா மாதம் வாங்கினால் நல்ல செலவு. ஆகவே வாங்கியவர்கள் திரும்ப வருகிறார்களா என்று தெரியும் வரை விளம்பரத்துக்கு ஒரு ரூபாயும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஊக்குநர் இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களையும் சேர்த்தே பேசுங்கள், அவர்களுக்குத்தான் ஊரில் அதிகம் பேரைத் தெரியும். ஒரு வாரத்தில் எவ்வளவு செய்ய முடியும் என்பதை முதலில் பேசி, அதை வைத்து எத்தனை குடும்பம் வேண்டும் என்று கணக்கிடுங்கள். நூறு என்பது எங்கள் உதாரணம், உங்களுக்கு 40 ஆக இருக்கலாம். ஆளுக்கு 10 பெயர் எழுதுங்கள். போன் எண் தீர்மானத்தை அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்று மாதம் கழித்து நாலே நாலு எண்ணிக்கை எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்: புதிதாக வாங்கிய வீடு எத்தனை, திரும்ப வாங்கிய வீடு எத்தனை, குறை சொன்னவர் எத்தனை, பணம் வராமல் நிற்பது எவ்வளவு. லைக் எண்ணிக்கை வேண்டாம். கொண்டு வருகிற குழுக்களின் பதிவேட்டை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.